நூல் நின்ற பற்கள்

பீடி நூலின் சுவை எனக்குத் தெரியும். புகையிலைத் தூளின் காரமும் அம்மாவின் விரல் வியர்வையும் கலந்தது அது. தொண்ணூறுகளில், முக்கூடலில் நான் நான்காம் வகுப்பு படித்தபோது, பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மா தன் பீடிச் சுளகிலிருந்து நூலை எடுத்து, "ஏட்டி, கடி" என்பாள். கடிப்பேன். பற்கள் சேர்ந்துவிட்டனவா என்று பார்க்கப் பைய இழுப்பாள். கடைவாய்ப் பற்கள் இறுகியிருந்தாலும், விரல் சூப்பி வளர்ந்த எனக்கு மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் தொட்டுக்கொள்ளாததால் அந்தச் சந்து வழியே நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

தாடை வளரும் வயதிலேயே சரிசெய்துவிடலாம், விட்டுவிட்டால் பின்னாளில் எலும்பையே அறுக்க நேரலாம் என்றார் திருநெல்வேலி டவுண் பல் டாக்டர். நாக்கு முன்பற்களைத் தள்ளாமல் தடுக்கும் கம்பிவேலி வைத்த "பிளேட்டு" ஒன்றை மேலண்ணத்தில் மாட்டிவிட்டார்.

அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றும் செல்லம்மா அத்தை சிரித்தாள்: "ஏட்டி, ஒன் மவ நாக்க ஜெயில்ல போட்டுட்டாவளாமே!"

"நாக்குதான் ஜெயில்ல. அவ காலேசுக்குப் போவா, பாரு" என்றாள் பள்ளிக்கூட வாசலையே மிதித்திராத என் அம்மா.

நூல் லேசாகச் சிக்கத் தொடங்கிய சமயத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. வேலிக்குப் பின்னால் நாக்கு புரளாதே, குலவை எப்படி வரும்? "கொடைக்குக் கொலவ போடாம இருந்தா அம்மன் என்ன நெனப்பா?" என்று அம்மாவே பிளேட்டைக் கழற்றி வைத்தாள். நானும் தொண்டை கட்டும்வரை குலவையிட்டேன். எட்டாம் நாள் வரும் எட்டாம் கொடையும் முடிந்தபின் நூலை நீட்டினாள்; பழையபடி வழுக்கி வந்தது. அம்மாவின் முகம் செத்துப்போனது. அந்த நிமிடமே பிளேட்டை மாட்டியவள், அதன்பின் எந்த விசேஷத்துக்கும் கழற்ற விடவில்லை.

அடுத்த கொடைக்குச் சற்று முன்பு, ஒரு காலையில், நூல் நின்றது! அம்மா இழுத்தாள், இன்னும் பலமாக இழுத்தாள், பட்டென்று நூல் அறுந்தது. சுளகைத் தள்ளிவிட்டு எழுந்து நடுவீட்டில் அவள் குலவையிட, செல்லம்மா அத்தையும் சேர்ந்துகொள்ள, தெருவே எட்டிப் பார்த்தது.

நாக்கு பழைய பழக்கத்துக்குப் போனால் பல வருடம் கழித்தும் சந்து விழலாம் என்று டாக்டர் சொன்னதை அம்மா மட்டும் மறக்கவேயில்லை. இன்று நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஊர் வீட்டில் இப்போது சுளகு இல்லை, புகையிலை நெடி இல்லை, செல்லம்மா அத்தையும் இல்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது, அம்மா தன் முந்தானையில் பிரிந்து தொங்கிய நூலைப் பிய்த்து நீட்டினாள்.

"ஏட்டி, கடி."

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். நான் விடவில்லை.