சாவிக்காரனைப் பகைக்காதே

ஆராய்ச்சி பண்ண வருகிறவர்கள் வந்த அன்றைக்கே புரொபஸர் அறைக்கு ஓடுவார்கள். அது தப்பு. புரொபஸர் "ரொம்ப சந்தோஷம், வேலையைப் பாருங்க" என்பார். வேலை எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டார். முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சாவி என்னிடம் இருந்தது. திருச்சியில் ஒரு காலேஜில் தாவர சாஸ்திரப் பகுதிக்கு நான் அட்டெண்டர். ஊர் தொட்டியம் பக்கம். படிப்பு அஞ்சாம் கிளாஸ். காய்ந்த செடிகளை அட்டையில் தைத்து அடுக்கியிருக்கும் அறை ஒன்று உண்டு. அதன் சாவி பதினோரு வருஷம் என் இடுப்பில் கிடந்தது. எந்தப் பூதக்கண்ணாடி கீறல் விழுந்தது, எந்தப் புஸ்தகத்தை எந்த வாத்தியார் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். கேட்டவர்களுக்குச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் மூணு விஷயம் சொல்வேன்.

செடியைப் பறித்தவுடன் நூலில் நம்பர் கட்டணும். அதே நம்பரைப் போட்டு நோட்டில் எழுதணும்: எந்த இடம், என்ன மண், பூ என்ன நிறம். காய்ந்தால் நிறம் போயிடும், எழுதினதுதான் மிஞ்சும். அதைப் பென்சிலில் எழுதணும். செடியை அழுத்தி வைக்கும் பத்திரிகைத் தாளைத் தினம் மாத்தணும். ஈரத் தாளை வெயிலில் போடணும். வெயில் இல்லையென்றால் நெருப்பில் காட்டணும். ஒரு நாள் விட்டால் பூசணம். ரெண்டு நாள் விட்டால் குப்பை.

ரெண்டாவது உலகச் சண்டை வருவதற்கு மூணு நாலு வருஷம் முன்னால் வந்த ஒருத்தருக்கும் இதையே சொன்னேன்.

அவருக்கு ஸ்ரீரங்கம். திருமண், குடுமி, மேலே கோட்டு. ஆனர்ஸ் முடித்துவிட்டு எம்.எஸ்ஸி.க்கு ஆராய்ச்சி எழுத வந்தார். கெட்டிக்காரர். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். செடிகளுடைய லத்தீன் பேரெல்லாம் மூச்சு விடாமல் வரும். சட்டைப் பையில் தங்க முள் வைத்த பவுண்டன் பேனா.

"பென்சில்ல எழுதுங்க சாமி. மழையில மை கரைஞ்சிடும்."

"ஏன்டாப்பா, ரிசர்ச் நீ பண்றியா, நான் பண்றேனா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டெண்டர் சிரிக்கத்தான் வேண்டும்.

ஐப்பசியில் அவரும் நானும் பச்சைமலைக்குப் போனோம். துறையூர் வரை பஸ். அங்கிருந்து நடை. செடி அழுத்துகிற மரச்சட்டம், தாள்கட்டு, படுக்கை எல்லாம் என் தலையில். அவருடைய பாத்திர மூட்டையை மட்டும் அவரே தூக்கினார். நான் தொட்டால் ஆகாது. மலைக்காரர் ஒருவர் தினை கொட்டி வைக்கும் குடிசையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்.

மூணாம் நாள் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. விறகெல்லாம் நனைந்துபோச்சு. ஒரு அடுப்புக்குத்தான் காய்ந்த விறகு இருந்தது.

"சாமி, தாளெல்லாம் ஈரம். அடுப்புல கொஞ்சம் காட்டிக்கிறேன்."

"தளிகை ஆகற அடுப்புடா. நீ தொட்ட காயிதத்தை அதுல காட்டுவியா?"

"தளிகை ஆனப்புறம்?"

"அப்புறம் என் மடி வேஷ்டி காயணும். நாளைக்கு எதைக் கட்டிண்டு சமைக்கறது?"

"செடி போயிடும் சாமி."

"பெருமாள் பாத்துப்பார். நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. தாளை வயிற்றில் வைத்து மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தேன். உடம்புச் சூட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தாள் காயும். எங்களிடம் இருநூறு செடிக்கு மேல் இருந்தது. அடுப்புக்கு மேலே கயிற்றில் வேஷ்டி மொடமொடவென்று காய்ந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே ஸ்ரீரங்கத்திலிருந்து அடுத்த வருஷம் இன்னொருத்தர் வந்தார். அவருக்கும் ஆசாரம் உண்டு. கிளம்பும்போதே "ரெண்டு குமுட்டி அடுப்பு எடுத்துண்டு போவோம், ஒண்ணு என் சாதத்துக்கு, ஒண்ணு உங்க செடிக்கு" என்றார். ஆசாரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் ஆள் மேல்தான்.

திரும்பி வந்து சட்டத்தைப் புரொபஸர் முன்னால் பிரித்தோம். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பூசணம். பாதிக்கு மேல் போச்சு.

"என்ன இது?" என்றார் புரொபஸர்.

ஸ்ரீரங்கத்துக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. "தாள் மாத்து மாத்துன்னு சொல்லிண்டே இருந்தேன் சார். குளிர்றதுன்னு போத்திண்டு தூங்கினான்."

"நிஜமாப்பா?"

"தூங்கலைங்க" என்றேன்.

இன்னும் சொல்லியிருக்கலாம். படித்தவர் ஒன்று சொன்னபின் அட்டெண்டர் எதிர்த்துச் சொல்வது அப்போது வழக்கமில்லை. புரொபஸர் கையை நீட்டினார். சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து கேட்டில் நின்றேன். மணி அடிப்பதும் மாடு உள்ளே வராமல் விரட்டுவதும் வேலை. "செடி பாத்த ஆளு, இப்ப செடி திங்கிறதைப் பாக்குறாரு" என்று ஹாஸ்டல் சமையல்கட்டு ஆட்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டேன்.

நான் காத்திருந்தேன். அவருடைய நோட்டு மழையில் ஊறி மை முழுக்க ஓடியிருந்ததை மலையிலேயே பார்த்திருந்தேன். மிச்சமிருந்த செடிகளை வைத்துத்தான் அவர் எழுதணும். எந்தச் செடி எந்த ஓடைக்கரையில், எந்தப் பாறையில் எடுத்தது என்று தெரியாவிட்டால் அது செடி இல்லை, வைக்கோல். பட்டணத்திலிருந்து திருத்துகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. மலையில் எனக்காக நான் எழுதினது. நம்பர், இடம், பூ நிறம். எழுத்துப் பிழை நிறைய. ஆனால் பென்சில்.

தை மாசம் கேட்டுக்கு வந்தார்.

"சௌக்கியமா?" அதற்கு முன்னால் அவர் அதைக் கேட்டதில்லை.

"இருக்கேனுங்க."

"மலையில நீ என்னமோ கிறுக்கிண்டிருந்தியே, அது இருக்கா?"

"இருக்குங்க."

"கொண்டா. பாத்துட்டுத் தரேன்."

"புரொபஸர்கிட்ட வாங்க சாமி. அடுப்புக் கதையைச் சொல்லுங்க. சொன்ன வாயை மூடுறதுக்குள்ள தரேன்."

முகம் சிவந்துபோச்சு. "என்னடா, மிரட்டறியா?"

"மாடு விரட்டுறவன் யாரை மிரட்டுறதுங்க."

மறுநாள் இலையில் பொதிந்து அக்காரவடிசில் கொண்டுவந்தார். கோயில் பிரசாதம். நெய் வழிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு பூராவும் சாப்பிட்டேன். விரலையும் நக்கினேன்.

"இப்பவாவது தருவியா?"

"பிரசாதம் பெருமாளுது. நோட்டு என்னுது."

மூணாம் தடவை வந்தபோது குரல் இறங்கியிருந்தது. பங்குனிக்குள் எழுதி அனுப்பாவிட்டால் சர்வகலாசாலையில் பேரை எடுத்துவிடுவார்களாம். பட்டம் வந்தால் லெக்சரர் வேலை ஒன்று காத்திருக்கிறதாம். "என் வாழ்க்கையே போயிடும்ப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கும் மனசு இளகியது. பொய் சொல்லமாட்டேன். அப்போது பார்த்து ஒரு எருமை உள்ளே நுழைந்தது. ஓடிப்போய் விரட்டிவிட்டு வந்தேன். இளகினது கெட்டியாகிவிட்டது.

"உண்மையைச் சொன்னா போகாதுங்க" என்றேன்.

அவர் புரொபஸரிடம் போனார். வேறு மாதிரி சொன்னார். காலேஜ் நோட்டை அட்டெண்டர் திருடி வைத்திருக்கிறான் என்றார். அங்கேதான் சிக்கினார். என்னால் சொந்தமாக அந்த அறைக்குள் போய்ப் பேசியிருக்க முடியாது. அவரே என்னைக் கூப்பிட வைத்தார்.

போனேன். நோட்டை மேஜை மேல் வைத்தேன். புரொபஸர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். நம்பரையும் இடத்தையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் நின்றார். சத்தமாக வாசித்தார்.

"மழை. தாள் ஈரம். அடுப்பு கேட்டேன். சாமி தரவில்லை. வேட்டி காய்கிறது. வயித்தில் வைத்து எட்டுத் தாள் காயவைத்தேன்."

நாலு நாளும் அப்படித்தான் எழுதியிருந்தேன். நாலையும் வாசித்தார். ஸ்ரீரங்கத்துக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"இது எப்ப எழுதினது?"

"அன்னன்னைக்குங்க."

புரொபஸர் நோட்டை மூடினார். அவரைப் பார்த்து, "வேஷ்டி நன்னாக் காஞ்சுதா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அது போதும். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் சாப்பாடு கூட ஒரு கை இறங்கும்.

சாவியை டிராயரிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். அவரிடம் சொன்னார்: "இந்த நோட்டை வெச்சு எழுதலாம். நான் தடுக்கலை. ஆனா இடக்குறிப்பெல்லாம் இந்த அட்டெண்டர் எழுதினதுன்னு முதல் பக்கத்துல அவன் பேரைப் போடணும்."

ஒரு வரி எழுதினால் பட்டம். நான் நோட்டை எடுத்து ரெண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

"வாங்கிக்குங்க சாமி."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று புரொபஸரிடம் சொன்னார். என் கையைப் பார்க்காமல் போனார். மறுநாள் வரவில்லை. மாசி போயிற்று, பங்குனியும் போயிற்று. அவருடைய மேஜையை நானே துடைத்துப் புதுசாக வந்தவருக்குக் கொடுத்தேன். மைக்கறை போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

அவரே கெடுத்துக்கொண்டார், உன் மேல் பாவம் இல்லை என்று சில பேர் எனக்குச் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டில் கேட்ட முதல் நாளே கொடுத்திருந்தால் அவர் லெக்சரர். கொடுக்காதது நான். தெரிந்துதான் கொடுக்கவில்லை.

இப்போது அவர் திருச்சியில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. நான் திருவானைக்காவில் ஏறும் பஸ்ஸில் சில நாள் எனக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்ப்பார். பாலம் தாண்டிக் கடைத்தெரு வந்த பிறகும் ஆற்றைப் பார்க்கிற மாதிரியே உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்ப்பேன். இறங்குகிற வரைக்கும் பார்ப்பேன்.