நாலாவது வளைவில் மஞ்சள் சட்டை

போன சனிக்கிழமை மெல்பேர்னின் மேற்குப் பக்கம் ட்ருகனினாவில், சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள வெறும் வீதியில் சில பெடியன்கள் காரை ஒரே இடத்தில் சுழற்றிப் புகை கிளப்பிக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். பக்கத்தில் இருந்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்ணாடியை ஏத்துங்கோவன், என்ன மணம் இது" என்றாள். எரிந்த டயர் மணம். அவளுக்கு அது நாற்றம். அவள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய நாட்களில் அதுதான் என் வீட்டு மணம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டின் பின்பாதியில் குடியிருந்தேன். இரண்டு அறை, ஒரு குசினி. மற்ற அறையில் செல்வம். ஈப்போக்காரன், மலேசியத் தமிழன். டயர் கடையில் வேலை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அந்த மணம் அவன் கையை விட்டுப் போகாது. நான் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஆகவே எங்கள் வீட்டில் ரப்பரும் வனிலாவும் கலந்து மணக்கும். அப்படியொரு மணத்தை நீங்கள் முகர்ந்திருக்கமாட்டீர்கள். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். செல்வத்துக்கு ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்தேன். அவனும் அப்படித்தான் காட்டிக்கொண்டான்.

அவனுக்கு இருந்தது கார்ப் பந்தயம். அதுவும் அமெரிக்கப் பந்தயம். மூடி இல்லாத, சக்கரங்கள் நாலும் வெளியே தெரிகிற, ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய கார்கள். மார்ச்சில் தொடங்கினால் வருடக் கடைசி வரைக்கும் ஓடும். அங்கே ஞாயிறு பின்னேரம் என்றால் எங்களுக்குத் திங்கள் விடியற்புறம். வீடியோவில் பதியவைத்துவிட்டு, திங்கள் வேலை முடிந்து வந்து கதிரை போட்டுப் பார்ப்போம். அதற்கிடையில் யார் வென்றது என்று காதில் விழக்கூடாது. இது அவன் சட்டம். பிஸ்கட் தொழிற்சாலையில் அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒரு சீவன் கிடையாது என்பது வேறு விஷயம்.

முதல் நாள் நான் கேட்டேன்: "இவங்கள் ஏன் தம்பி ஒரே வட்டத்தைச் சுத்துறாங்கள்? வழி தெரியாதோ?"

இரண்டு நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை.

ஆனால் மே மாதமளவில் எனக்கும் ஒரு ஓட்டுநர் வாய்த்துவிட்டான். பதினேழாவதாக வருவான், பதினைந்தாவதாக வருவான். வெல்லவும் மாட்டான், மோதவும் மாட்டான். ஆனால் அடுத்த பந்தயத்தில் தவறாமல் நிற்பான். எனக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஒரு தடவை, எண்ணெய் நிரப்பும் இடத்தில் ஒரு மனிதன் திடீரென்று கையைக் காலை உதறிக் குதித்தான். நான் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க அண்ணே, அவன் எரியிறான்" என்றான் செல்வம். "இந்த எண்ணெயில நெருப்பு கண்ணுக்குத் தெரியாது லா."

யாரோ ஓடிவந்து வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒக்டோபரில் அந்தப் பந்தயம் இந்த நாட்டுக்கே வந்தது. குயின்ஸ்லாந்துக் கடற்கரையோரம், ஊர் வீதிகளை அடைத்து ஓடுவார்கள். செல்வம் லீவு எடுத்தான், டிக்கெட் வாங்கினான், கடும் மஞ்சளில் ஒரு சட்டையும் வாங்கினான்.

"நாலாவது வளைவுல நிப்பேன் அண்ணே. கேமரா வந்தா ரெண்டு கையும் தூக்குவேன். நீங்க மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

ஞாயிறு பகல், முதல் தடவையாக நேரடி ஒளிபரப்பு. வீட்டில் நான் தனியே. கதிரையை இழுத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தேன். அவுஸ்திரேலியாக்காரர் கூட்டம் என்றால் மஞ்சளுக்குப் பஞ்சமா? நூறு மஞ்சள் சட்டை. ஒன்றும் செல்வம் இல்லை. அன்று என் ஓட்டுநர் ஆறாவதாக வந்திருக்கிறான். முடிவுப் பட்டியலில்தான் கண்டேன். அவனுடைய நல்ல நாளை நான் கூட்டத்தில் ஆள் தேடியே தவறவிட்டேன்.

செவ்வாய் பின்னேரம் செல்வம் வந்தான். பையைக்கூட வைக்கவில்லை. "பாத்தீங்களா அண்ணே?"

இரண்டு நாள் பஸ்ஸில் இருந்து வந்தவனுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? "ஓம், வடிவாக் கண்டனான். ரெண்டு கையையும் தூக்கினனீர்!"

அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. "ஆமா, தூக்கினேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். களைப்பு என்று நினைத்தேன். என் பொய்யில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் இரண்டு கிழமை கழித்து. திங்கள் மாலை கசெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல் நின்றான்.

"அண்ணே, நான் அங்க போகவே இல்ல."

சிட்னியில் பஸ் மாற வேண்டும். மாறவில்லை. சிட்னிப் புறநகர் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு ரயில் எடுத்திருக்கிறான். அங்கே அவனைப் பிரிந்த மனைவியும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். அப்படி இருவர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மகளைப் பார்த்து மூன்று வருடமாம். கதவைத் தட்டத் துணிவில்லாமல் இரண்டு நாள் எதிர்ப்பக்கத்தில் நின்றிருக்கிறான்.

"ஞாயித்துக்கிழமை மக சைக்கிள எடுத்துக்கிட்டு வெளிய வந்தா. என்னைப் பாத்தா அண்ணே. யாரோன்னு பாத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டா."

கசெட்டை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினான்.

"நீங்க இல்லைன்னு சொன்னா, அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிடலாம்னுதான் கேட்டேன். நீங்க கண்டேன்னுட்டீங்க."

"பொய் சொன்னனான் தம்பி. குறை நினையாதையும்."

"தெரியும் லா" என்றான். "ஆனா அந்த ரெண்டு நாள்ல என்னைக் கண்டேன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

பிறகு கசெட்டைப் போட்டான். பார்த்தோம். யார் வென்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த வருடம் அவன் ஈப்போவுக்கே திரும்பிவிட்டான். ஏற்கெனவே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்த அந்தப் பந்தயக்காரர்கள் அடிபட்டு அடிபட்டே தேய்ந்துபோனார்கள். கடற்கரைப் பந்தயமும் இப்போது இந்த நாட்டுக்கு வருவதில்லை. ஸ்பிரிங்வேல் வீட்டை இடித்து மூன்று வீடுகள் கட்டியிருக்கிறார்கள்.

செல்வம் இரண்டு கடிதம் போட்டான். முதலாவதுக்கு எழுதினேன். இரண்டாவதில் மகள் தனக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறாள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். கடைசியில், "பதில் போடுங்க அண்ணே, இங்க பந்தயம் பாக்கக் கூட ஆள் இல்ல" என்றிருந்தது. அது வந்த கிழமைதான் மனைவியும் பிள்ளைகளும் மெல்பேர்னில் வந்து இறங்கினார்கள். கட்டில் வாங்க வேண்டும், பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், வீடு மாற வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். வீடு மாறியதில் கடிதமும் விலாசமும் போய்விட்டன. எனக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், எழுதவில்லை. வேறு காரணம் இருக்குமா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை.