ஓசெல் டன்ஸ்டால் விட்ட இடைவெளி

1928 பிப்ரவரியில், மெம்பிஸ் நகரத்துக் கிடங்கு ஒன்றின் மாடியில், பாட்டு நடுவே ஓசெல் டன்ஸ்டாலுக்கு மூச்சு தீர்ந்துபோனது. இரண்டு தாளத் தட்டு நேரம்தான். முப்பத்தொன்பது ஆண்டுகள் அவர் அதை நினைத்துப் பொருமினார்.

அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. பகலில் பருத்தி மூட்டை தூக்குவார். மாலையில் பீல் தெருவில் ஹோசியா பேர்ட்சாங் குழுவில் காலி விஸ்கி ஜாடியை ஊதுவார். ஜாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உதட்டை இறுக்கி அதிர வைத்தால் உள்ளேயிருந்து கனத்த குரல் கிளம்பும். தெருவில் ஜாடிக்காரருக்கு மூச்சு தீர்ந்தால் மவுத்தார்கன்காரர் சட்டென்று புகுந்து இட்டு நிரப்பிவிடுவார். யாரும் பேசி வைத்துக்கொண்டதல்ல. எல்லாக் குழுவிலும் அப்படித்தான்.

ஒலிப்பதிவு செய்ய வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு இது தெரியாது. ஜாடி அதிர்ந்தால் மெழுகுத் தட்டில் ஊசி துள்ளும் என்று ஓசெலை அறை மூலைக்குத் தள்ளினார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் வாசிக்கக் கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார்கள். மூலையிலிருந்து கேட்க வேண்டுமே என்று ஓசெல் முக்கி ஊதினார். மூன்றாவது சரணத்தில் எல்லா வாத்தியமும் நின்று ஜாடி மட்டும் ஒலிக்க வேண்டிய இடம் வந்தபோது, உள்ளே காற்றில்லை. மவுத்தார்கன்காரர் அவரைப் பார்த்தார். உத்தரவை நினைத்து வாசிக்காமல் நின்றார்.

திரும்பப் பதிய இன்னொரு மெழுகுத் தட்டு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். படியிறங்கும்போது ஹோசியா சொன்னார்: "டேய் ஓசெல், உலகம் அழியற வரைக்கும் கேக்கும்டா இந்த ஓட்டை."

உலகம் கேட்கவில்லை. இசைத்தட்டு விற்கவில்லை, பஞ்சகாலம் வந்தது, குழு கலைந்தது, ஹோசியாவும் போய்ச் சேர்ந்தார். ஓசெல் பருத்திவிதை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதற்குள் பழைய இசைத்தட்டுகளைத் தோண்டியெடுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கிளம்பியிருந்தார்கள்.

1967 வசந்தத்தில் மனைவி வெர்டெல் கெளுத்தி மீன் வறுத்துக்கொண்டிருக்க, வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. வாசித்தது ஏதோ இளவட்டக் குழு: மின்சார கிடார்கள், டிரம்ஸ். ஜாடியின் மெட்டை பேஸ் கிடார் அப்படியே வாசித்தது. மூன்றாவது சரணம் வந்தது. எல்லாம் நின்றது. இரண்டு தட்டு மௌனம். பிறகு இடிபோல எல்லாம் திரும்பின.

ஓட்டையையும் சேர்த்துப் படியெடுத்திருந்தார்கள்.

அந்தக் குழுவின் கிடார்காரன் டென்னி லாக்ஹார்ட் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தான். ஆற்றோரப் பூங்காவில் கச்சேரி, அந்த ஒரு பாட்டுக்கு ஜாடி ஊத வரவேண்டும் என்றான். அந்த மௌனம்தான் பாட்டின் உயிர், எப்படித் தோன்றியது என்று பயபக்தியோடு கேட்டான்.

"தோணல தம்பி. மூச்சு முட்டிப்போச்சு."

டென்னி சிரித்தான். ஓசெல் சிரிக்கவில்லை. "நான் வரேன். ஆனா அந்த எடத்துல நான் ஊதணும். ஒரே ஒரு தடவ அந்தப் பாட்ட முழுசா முடிக்கணும்."

"ஜனங்க அந்த எடத்துக்காகத்தான் சார் வர்றாங்க," என்று இழுத்தான் டென்னி. பிறகு ஒரு வழி சொன்னான்: குழு வழக்கம்போல நிற்கும், அந்த இரண்டு தட்டும் ஜாடிக்கு மட்டும். ஓசெல் கேட்டதும் அதைத்தான்.

கொல்லையில் பயிற்சி தொடங்கியது. அறுபத்து மூன்று வயது நுரையீரல்; பொய்ப்பல் வேறு வழுக்கியது. "நீ ஊதற ஊதுல, நீராவிக் கப்பல் வந்துடுச்சு, கரி படியப்போகுதுன்னு பக்கத்து வீட்டுக்காரி காயப்போட்ட துணிய எடுக்க ஓடுறாய்யா," என்றாள் வெர்டெல். கச்சேரி நெருங்கியபோது மூன்றாவது சரணத்தில் மூச்சு மிச்சமிருந்தது. கேலி செய்தவளே அன்று கதவருகே நின்று தலையாட்டினாள்.

பூங்காவில் நல்ல கூட்டம். இந்த முறை ஒலிவாங்கியை ஜாடியின் வாய்க்கே கொண்டுவந்து வைத்தார்கள். முதல் சரணம், இரண்டாம் சரணம், பிசகில்லை. மூன்றாவதில் குழு சொன்னபடி நின்றது. ஓசெல் ஊதினார்.

அதே நொடியில் கூட்டம் மொத்தமும் ஓவென்று கத்தியது. அந்த இடத்தில் கத்துவது என்று எப்போதோ வழக்கமாகியிருந்தது. ஊருக்கு ஊர் கத்துவார்களாம். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தன் ஜாடி உதட்டில் அதிர்வது அவருக்குத் தெரிந்தது. காதில் விழவில்லை.

மேடைக்குப் பின்னால் டென்னி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து கையைப் பிடித்தான். "பிரமாதம் சார். அந்த எடத்துல ஊதினீங்களா?"

ஓசெல் முன்வரிசையிலிருந்து வந்த வெர்டெலைப் பார்த்தார். தனக்கும் கேட்கவில்லை என்று அவள் தலையசைத்தாள். ஜாடியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறு ஆண்டு அந்தக் குழு அதே பாட்டை மீண்டும் ஒலிப்பதிவு செய்தது. மௌனம் அதில் நான்கு தட்டு நீளம்.