சான் பிரான்சிஸ்கோவுக்கும் சிகாகோவுக்கும் நடுவே நாலேகால் மணி நேரம்

கடந்த அக்டோபரில், என் தங்கை கவிதாவின் முதல் பிரசவத்துக்குத் துணையாக ஆக்லாந்திலிருந்து சிகாகோ போனேன். விசா முத்திரைக்காகச் சென்னை போன அவள் கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் நான் நிதானமாகவே கிளம்பினேன்.

ஆக்லாந்தில் நான் இருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து விமான நிலையத்துக்கு டாக்ஸியில் இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். “இண்டைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டு, இண்டைக்கு மத்தியானமே போய் இறங்குவியள். ஒரு நாளை ரெண்டு தரம் வாழலாம் பாருங்கோ” என்றார். உண்மைதான். இரவு ஏழே முக்காலுக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணி நேரம் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினால், அங்கே அதே தேதியில் பகல் பன்னிரண்டுகூட ஆகவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கால்கள் தாமாகவே நடந்தன.

குடிநுழைவு வரிசையைத் தாண்டிப் பெட்டிகளை மறுபடி ஒப்படைத்துவிட்டு, சிகாகோ விமானத்துக்காக வாசலருகே உட்கார்ந்திருந்தபோது கவிதா அழைத்தாள்.

“அக்கா, பனிக்குடம் உடைஞ்சிருச்சு. பக்கத்து வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீ எங்க இருக்க?”

“அமெரிக்காவுக்கு வந்துட்டேன்டி. இன்னும் நாலேகால் மணி நேரந்தான்.”

“நீ வர்ற வரைக்கும் தாங்குவேனாக்கா?”

“தாங்குவ. மூச்சை மெதுவா விடு” என்றேன். என் மூச்சுதான் சீராக இல்லை.

இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கை. பனி போர்த்திய மலைகள் போயின, பிறகு பழுப்புப் பாலைவனம், பிறகு வானம் தரையில் விழுந்து கிடப்பதுபோல ஓர் உப்பு ஏரி. நாங்கள் கிழக்கே பறக்க, மாலை எங்களை நோக்கி ஓடி வந்தது. விமானம் அசையாமல் நிற்பதாகவும் பூமிதான் கீழே மெல்ல உருண்டு கவிதாவை என் பக்கம் கொண்டு வருவதாகவும் தோன்றியது. இருட்டியதும் சமவெளி ஊர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒவ்வோர் ஊரிலும் இப்போது யாரோ பிறந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பயம் கொஞ்சம் தணிந்தது.

பின்னிருந்து காற்று தள்ளியதால் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கினோம். பெட்டிக்குக் காத்திராமல் டாக்ஸி பிடித்து ஓடினேன். பிரசவ அறையில் கவிதா என்னைப் பார்த்ததும் “வந்துட்டியா” என்று மட்டும் சொல்லிவிட்டு விரல்களை இறுக்கிப் பிடித்தாள். விடியும்வரை விடவில்லை. சிகாகோவின் ஏரிக்கு மேலே வானம் வெளுத்தபோது பெண் குழந்தை பிறந்தது. சென்னையிலிருந்து கவிதாவின் கணவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: சான் பிரான்சிஸ்கோவில் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள். பகல் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேளுங்கள். மாற்றுடை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். என் பெட்டி மூன்றாம் நாள்தான் கைக்கு வந்தது.

ஒரு மாதம் கழித்து வந்த வழியே திரும்பினேன். எதிர்க்காற்றாம், சான் பிரான்சிஸ்கோவுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகப் பிடித்தது. எனக்கு அவசரமில்லை. சால்வையில் இன்னும் பால் வாசனை இருந்தது.