வேணு வண்டியை விட்டு இறங்கினார்

“மீனுக்கு ஹாரன் கெடையாதுங்க. ஆனா ஒண்ணும் இன்னொண்ணு மேல இடிக்காது” என்று சொல்லிக்கொண்டே, சாத்தனூர் சாலை வளைவில் கியரை மாற்றுகிறார் வேணு. வேனுக்குள் இருப்பவர்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அணை பார்க்கக் கிளம்பிய மகளிர் குழுவினர். அவர்களில் யாரும் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. முன்னால் போன பைக் ஒன்று சிக்னல் போடாமல் திரும்பியது, அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தமானுக்குப் போய்விட்டார். வேணுவின் வேனில் ஏறினால் எந்த ஊருக்குப் போனாலும் வழியில் அந்தமான் வந்தே தீரும்.

ஐம்பதைத் தாண்டியவர். காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை நகர்த்த மாட்டார். வேர்க்கடலை விளைகிற ஊர்க்காரர்தான், ஆனால் வேனுக்குள் யாராவது கடலைத் தோலைப் போட்டுவிட்டால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். “இது இன்னா உங்க ஊட்டுக் களமா? பொறுக்குங்க.” அவர்கள் பொறுக்கி முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கோபம் என்று சொல்ல முடியாது, பிடிவாதம்.

தெற்கே அவர் போகாத ஊர் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. கன்னியாகுமரி என்றால் அவருக்கு ஒரு தகரக் கொட்டகையும் அங்கிருக்கிற கொசுவும். ஊட்டி என்றால் ஒரு டீக்கடை பெஞ்சு. கூட்டம் இறங்கியதும், “போய்ட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்” என்று சீட்டைச் சாய்த்துவிடுவார். குற்றம் சொல்லவும் முடியாது. இரவெல்லாம் ஓட்டியவர், திரும்பவும் ஓட்ட வேண்டியவர். ஆனாலும் அவர் மனைவி மணிமொழி விடமாட்டாள். “ஊரு ஊரா போறாரு. அங்க இன்னா இருக்குதுன்னு கேட்டா, பார்க்கிங் வசதி ஜாஸ்தின்றாரு” என்பாள்.

மகள் எழிலரசிக்குப் போர்ட் பிளேயரில் வங்கி வேலை. போன தையில் அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் போட்டு வரவழைத்தாள். விமானம் தரையைத் தொட்டபோது வேணுவின் வலது கால் தானாக பிரேக்கைத் தேடி அழுத்தியது. பக்கத்து சீட்டுக்காரர் பையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மூவரும் வாண்டூர் படகுத்துறைக்குப் போனார்கள். அங்கிருந்து கடல் தேசியப் பூங்காவின் தீவு ஒன்றுக்குப் படகு. பிளாஸ்டிக் எதுவும் தீவுக்குள் போகக் கூடாது என்று பைகளைத் துழாவி, மணிமொழியின் முறுக்கு டப்பாவைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் முணுமுணுத்தாள். வேணுவுக்கோ அந்தக் கண்டிப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அலையாத்திக் காட்டு ஓரமாகப் படகு போனது. முதலை இருக்கும் என்று படகோட்டி பாலாஜி காட்டிய சேற்றையும், தலைக்கு மேலே வட்டமிட்ட கடல் கழுகையும் அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு வந்தார்.

தீவு வந்தது. எல்லோரும் முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுக்குழாயுமாக இறங்கினார்கள். மணிமொழிகூட லைஃப் ஜாக்கெட்டோடு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள். வேணு மட்டும் படகில் உட்கார்ந்து, மற்றவர்களின் பைகளையும் செருப்புகளையும் இழுத்து பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காக அடுக்கினார். பிறகு கையை ஆட்டி, “போய்ட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கறேன்” என்றார்.

பாலாஜிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அண்ணே, இது என் வண்டி. நான்தான் பாத்துக்கணும். நீங்க இறங்குங்க.”

வேணு அசையவில்லை. வெட்கமும் பயமும் சேர்ந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் படகு திரும்பிவிடும். மணிமொழி தண்ணீரிலிருந்து கத்தினாள்: “இன்னாங்க, பொண்ணு எவ்ளோ ஆசையா இட்டாந்துச்சு! இங்கயும் வந்து குந்திகினு இருந்தா, ஊருக்குப் போயி இன்னா சொல்லுவீங்க? படகு நல்லா இருந்துச்சுன்னா?”

அது சுருக்கென்று தைத்தது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு இறங்கினார். முதல் முறை மூக்கால் மூச்சிழுக்கப் பார்த்து, உப்புத் தண்ணீரைக் குடித்துத் துப்பினார். இரண்டாவது முறை பாலாஜி மிதவையைப் பிடித்துக்கொள்ள, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போதுதான் அவர் வேனின் வேகத்தைக் குறைப்பார். “பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில கூட்டம் வரும் பாருங்க, அவ்ளோ மீனு. பச்ச, நீலம், மஞ்ச. பவளப்பாறைய ஒரு ரவுண்டு வந்துச்சு ஒரு ஆமை. அவசரமே கெடையாது. அதுக்கு எல்லாம் வழி உடுதுங்க.” பிறகு சொல்வார்: “அழுகாச்சி வந்துடுச்சு. கண்ணாடிக்குள்ள அழுதா தொடைக்க முடியாது. அப்படியே பாத்தேன்.”

படகுக்காரர்கள் விசில் அடித்து, கூப்பிட்டு, கடைசியில் எழிலரசி போய் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இப்போது ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் ‘அந்தமான் வேணு’ என்று கிண்டல் செய்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால்தான் அவரும் திரும்பிப் பார்க்கிறார். கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஸ்டாண்டில் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான், அதை ஒருவரும் மறந்துவிடக் கூடாது.

சாத்தனூர் வந்துவிட்டது. இங்கே எத்தனையோ முறை வந்திருக்கிறார். முதலைப் பண்ணை உள்ளே எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. மகளிர் குழுத் தலைவி ராஜம்மாள் தன் ஆட்களை எண்ணிக்கொண்டு நுழைவுச்சீட்டு வாங்க கவுண்டர் ஜன்னல் அருகே நிற்கிறார். “தம்பி, நாங்க வர லேட்டாகும், நீ படுத்துக்கோ” என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறார்.

வேணு கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டு வந்து, ராஜம்மாளின் தோளுக்கு மேலாக ஜன்னலுக்குள் தன் பணத்தை நீட்டுகிறார்.

“டிரைவருக்கு ஒண்ணு.”