சாய்த்துவைத்த நாற்காலி

ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதிகளில் அடுத்தவர் மெஷினில் பணம் மிச்சமிருந்தால் தொடக்கூடாது. ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். நாற்காலி மெஷின்மேல் சாய்ந்திருந்தால் ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம். புருஷன் போன பிறகு ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் அங்கே வருகிற வெர்னாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஐந்து டாலருக்கு மேல் ஆடமாட்டாள். வீட்டில் பேச ஆளில்லை, அதுதான் விஷயம்.

அன்று பக்கத்து மெஷினில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருத்தி. வெளியூர் பஸ்ஸில் வந்தவள், வாய் ஓயாதவள். “உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மனுஷன்?” என்று கேட்டாள். அப்படி யாரும் கேட்டு எத்தனை வருடமாயிற்று! வெர்னா அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தாள். பிறகு நாற்காலியைச் சாய்த்துவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போன மஞ்சள் கோட்டுக்காரி திரும்பவில்லை. திரையில் முப்பத்தெட்டு டாலர் நின்றது.

ஊழியரைக் கூப்பிட்டால் பணம் பத்திரம். ஆனால் அவளிடம் இன்னும் இரண்டு வார்த்தை பேச முடியாதே! புத்தியைக் கடன் கொடுத்தவள்போல வெர்னா பொத்தானை அழுத்தி, வெளியே வந்த முப்பத்தெட்டு டாலருக்கான பணச்சீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பஸ் கிளம்புகிற நேரம். ஜன்னல் வழியே நீட்டிய சீட்டை மஞ்சள் கோட்டுக்காரி வாங்கிக்கொண்டாள்.

“அய்யோ, டிரைவர் கத்தினாருன்னு அப்படியே ஏறிட்டேன்! சீட்டு என்கிட்ட இருக்கட்டும், அடுத்த மாசம் வந்து பணமா மாத்திக்கிறேன். நீங்க அதே இடத்துல இருக்கணும், சரியா? மிச்சக் கதையையும் கேக்கணும்.”

சந்தோஷம் தாங்காமல் உள்ளே திரும்பிய வெர்னாவைக் காவலாளி கிளிஃப்டன் நிறுத்தினான். தினமும் அவளைக் கேலி செய்பவன், இன்று முகம் பார்க்கவில்லை.

“அடுத்தவங்க பணத்தை எடுத்தது கேமராவுல இருக்கும்மா. ஒரு வருஷம் நீங்க உள்ள வரக்கூடாது.”

“அவகிட்டயே குடுத்துட்டேன்டா!”

“நான் நம்புறேன். மேல இருக்கறவங்க நம்பல.”

“அடுத்த மாசம் அவ வருவா. அந்த ஒரு நாள் மட்டும் விடேன்.”

“முடியாதும்மா. வேணும்னா பேரைச் சொல்லுங்க, வந்தா உங்க நம்பரைக் குடுத்துடறேன்.”

வெர்னா வாயைத் திறந்தாள். அரைமணி நேரமும் தன் கதையையே பேசியிருந்தாள்.

“கேக்கவே இல்லையே, கிளிஃப்டன்” என்றாள்.