என் மிஷினில் மட்டும்தான்

எனக்குப் பொறுமை கிடையாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் கிடையாது. பால் கடையில் முன்னால் நிற்கிறவர் சில்லறைக்காகப் பையைத் துழாவ ஆரம்பித்தால் என் கால் தானாகத் தரையைத் தட்டும். "கால்ல வெந்நீர கொட்டிக்கினவ" என்பார் என் வீட்டுக்காரர். கோலார் தங்கச் சுரங்கப் பக்கம், சாம்பியன் ரீப்ஸில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் நாளெல்லாம் டைப் அடித்து, இருட்டின பிறகு அதே ஸ்டேஷனில் இறங்குகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? கடையிலா விற்கிறார்கள்?

வேலை ஒரு வக்கீல் ஆபீசில். வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், அந்தப் பத்திரத்துக்கு ஒரு திருத்தப் பத்திரம். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒன்று நான். பக்கத்து மேசையில் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை, மாரிகுப்பத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர். வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. ஆறு வருஷம் முன்னால் நான் வேலையில்லாமல் அல்லாடியபோது என்னைக் கூட்டிப்போய் வக்கீல் முன்னால் நிறுத்தியதும் அந்த அக்காதான். "நம்ம பொண்ணு சார், கை சுறுசுறுப்பு" என்று சொல்லி நிறுத்தினார்.

மாரிகுப்பத்தில்தான் வண்டி புறப்படும். அடுத்த ஸ்டேஷன் சாம்பியன். இரண்டுக்கும் நடுவே சில நிமிஷம்தான், அதற்குள் சீட்டெல்லாம் போய்விடும். எங்கள் வண்டியில் சீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கர்ச்சீப் போட்டால் போட்டதுதான். அதை எடுத்து வீசுகிறவன் அந்தப் பெட்டியில் மறுநாள் தலைகாட்ட முடியாது. அக்கா தன் பக்கத்தில் நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப் ஒன்றைத் தினமும் எனக்காக விரித்துவைப்பார். நான் ஏறியதும் எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். ஆறு வருஷத்தில் நான் நின்றுகொண்டு போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாயந்திரம் திரும்பும்போது சீட்டுப் பிடிப்பது என் முறை. ஓடிப்போய் ஏற எனக்குத்தான் கால் இருந்தது.

ஷார்ட்கட் பழகியது கோபத்தில்தான். என் மேசையில் இருந்தது ஒரு சனியன் பிடித்த மவுஸ். இழுத்தால் வராது, வந்தால் நிற்காது. ஒரு நாள் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மேலே நகர்த்தப் போக, அது வேறெங்கோ போய் விழுந்தது. தேடிப் பிடிப்பதற்குள் மணி ஐந்தரை. மவுஸைத் தூக்கி மேசையில் அடித்தேன். அன்றைக்கு வண்டியும் போய்விட்டது. இரண்டு பஸ் மாறி வீடு சேர்ந்தபோது பிள்ளைகள் தூங்கிப்போயிருந்தார்கள். இனி அந்த மவுஸைத் தொட்டால் செருப்பாலடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் போனில் பார்த்துப் பார்த்துப் பழகினேன். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி எல்லாருக்கும் தெரியும், அதில் என்ன பெருமை? ஆல்ட்டும் ஷிப்டும் சேர்த்துப் பிடித்து மேல் அம்பை அழுத்தினால் பத்தி முழுசாக மேலே ஏறும். கண்ட்ரோல் எச் போட்டால் நூறு இடத்தில் இருக்கும் பெயர் ஒரே மூச்சில் மாறும். எஃப் 4 கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். ஷிப்டோடு எஃப் 3 தட்டினால் சின்ன இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாக நிமிரும். ரயிலில், அக்கா பிடித்துவைத்த சீட்டில் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸை வைத்து அதன் மூடிமேல் விரல்களைத் தட்டித் தட்டிப் பழகினேன்.

"இன்னாம்மா தாளம் போட்டுக்கினே வர்றே?" என்று அக்கா ஒரு நாள் கேட்டார்.

"சும்மாக்கா, கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றேன்.

அப்போது மறைக்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். மறைக்கிற புத்தி பிறகு வந்தது.

ஒரு மாதத்தின் முதல் வாரத்தில் வக்கீல் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்துகிற மனுஷர். அன்றைக்கு நிதானமாகப் பேசினார். புதிதாக ஒரு சாப்ட்வேர் வாங்கியிருக்கிறாராம், பத்திரத்தில் பாதியை அதுவே எழுதிவிடுமாம். இனி ஒரு மேசை போதும். இந்த மாதக் கடைசியில் இருவருக்கும் ஒரே வேலை கொடுப்பார், யார் கை வேகமோ அவர் இருக்கலாம்.

வெளியே வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "குடிம்மா. நம்மள்ல ஒருத்தியாவது இருப்போம்ல" என்றார்.

அந்த வாரம்தான் கேட்டார். நான் ஒரு பத்திரத்தில் தலைப்புகளைப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு தலைப்பையும் அழித்துவிட்டு மறுபடி அடிக்கிற ஆள். எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அதெப்படிம்மா, ஒரே தட்டுல எல்லாம் பெருசாயிடுச்சி? இன்னாத்த அழுத்துனே?"

"எஃப் மூணுக்கா" என்று வாய் சொல்லிவிட்டது. உடனே மனசு முழித்துக்கொண்டது. "ஆனா உங்க மிஷின்ல வராது. என் மிஷின்ல மட்டும்தான் அந்த செட்டிங் போட்டிருக்காங்க."

வாய் கூசாமல் சொன்னேன். அக்கா தன் கீபோர்டைப் பார்த்தார், என் கீபோர்டைப் பார்த்தார். "அப்படியா, என்னுது பழசு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். வெறும் எஃப் 3 அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஷிப்டும் சேரவேண்டும். அதை நான் சொல்லவில்லை.

மீதி நாட்களெல்லாம் முள்மேல் இருப்புதான். துப்பட்டாவைக் கீபோர்டின் ஓரம் சரியவிட்டு, விரல் தெரியாமல் தட்டினேன். அக்கா எழுந்து இந்தப் பக்கம் வந்தால் மவுஸைப் பிடித்து உருட்டுகிற மாதிரி நடித்தேன். எனக்கும்தான் இரண்டு பிள்ளைகள், என் வீட்டிலும்தான் அடுப்பு எரியவேண்டும் என்று எனக்குள்ளேயே வழக்காடினேன். காலையில் சாம்பியனில் ஏறினால் நீலக் கட்டம் விரிந்து கிடக்கும். உட்காருவேன். ராத்திரி வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன். அவர்கள் என்ன செய்தார்கள், பாவம்.

மாதக் கடைசி நாள் வந்தது. ஆளுக்கொரு குத்தகை ஒப்பந்தம், அறுபது பக்கம். பெயர்கள் மாறவேண்டும், தலைப்புகள் பெரிய எழுத்தில் வரவேண்டும், ஷரத்துகள் இடம் மாறவேண்டும். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை அன்றைக்கு ஊசிக் காதிலும் நுழைந்தது. மூன்றரை மணிக்கு முடித்துவிட்டேன். அக்கா இருபத்தைந்தாம் பக்கத்தில் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்புக்குறியை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தேகாலுக்கு நான் பையை எடுத்தபோது திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நீ கெளம்பும்மா. எனக்கும் ஒரு எடம் போட்டு வை. எப்படியும் ஓடியாந்துடுவேன்."

ஓடினேன். ஜன்னலோரத்தில் இரண்டு சீட்டுப் பிடித்து ஒன்றில் என் கர்ச்சீப்பைப் போட்டேன். வண்டி புறப்படும்வரை பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வரவில்லை. "ஆள் வராங்களாம்மா?" என்றார் ஒருவர். "வராங்க, வராங்க" என்றேன். கிருஷ்ணராஜபுரம் வந்தது. கூட்டம் நெருக்கித் தள்ளியது. "இன்னாம்மா இது, கர்ச்சீப்புக்கா டிக்கெட் எடுத்துக்கீறே?" என்று ஒருவர் சத்தம் போட்டார். "அடுத்த பெட்டில ஏறி இருப்பாங்க, நடந்து வருவாங்க, உனக்கு இன்னாய்யா?" என்று நானும் கத்தினேன். மாலூர்வரை அந்தச் சீட்டை விடவில்லை. எதற்கு அவ்வளவு சண்டை போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப்பின் ஒரு கைக்குழந்தைக்காரி வர, எடுத்துவிட்டேன்.

மறுநாள் வேலை எனக்கு என்றார் வக்கீல். அக்கா தன் சாப்பாட்டு டப்பா, சிலுவைப் படம் போட்ட காலண்டர், ஒரு பழைய சால்வை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்தார். அன்று வண்டியில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். சாம்பியனில் நான் இறங்கும்போது, "பாத்துப் போ" என்றார்.

திங்கட்கிழமை, இனி நிற்கவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். வழக்கமான இடத்தில் நீலக் கட்டம் விரிந்து கிடந்தது. பக்கத்தில் அக்கா இல்லை. துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, உக்காருங்க. அந்தக்கா காலைல ஸ்டேஷனுக்கே வந்து கர்ச்சீப்ப குடுத்துட்டுப் போச்சி. 'என் தங்கச்சி சாம்பியன்ல ஏறும், நின்னுக்கினு போனா அதுக்குக் கால் வீங்கும், தெனமும் போட்டு வை'ன்னு சொல்லிச்சி."

உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். "இன்னா, ஜன்னல் பக்கம் வர்றீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். இறங்கும்போது அவள் கர்ச்சீப்பை எடுத்து வைத்துக்கொள்வாள், காலையில் போடுவாள். வெள்ளிக்கிழமை நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை துவைத்து இஸ்திரி போட்டேன். ஒரு பெரிய தாளில் எனக்குத் தெரிந்த ஷார்ட்கட் எல்லாவற்றையும், எந்தக் கீ, எந்த விரல், என்ன ஆகும் என்று குண்டு குண்டாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விடும் நேரம் பார்த்து மாரிகுப்பம் போனேன்.

அக்கா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து சேலை மாற்றாமல் டீ போட்டுக்கொண்டிருந்தார். உள்ளறையில் அவர் வீட்டுக்காரர் இருமுவது கேட்டது. தாளை நீட்டினேன். வாசற்படியில் நின்றபடியே முழுக்கப் படித்தார். ஷிப்ட், எஃப் 3 என்று எழுதியிருந்த வரியில் விரல் நின்றது.

"இது எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த வரியை எட்டிப் பார்த்தேன்.

"கடைசி நாளு நீ போனப்பறம் பாதித் தலைப்பு பாக்கி. வெறும் எஃப் மூணு அழுத்துனேன், ஒண்ணும் ஆவல. எதுக்கும் பாப்போம்னு கண்ட்ரோல் சேத்தேன், ஆல்ட் சேத்தேன், ஷிப்ட் சேத்தேன். ஒரே தட்டு. எல்லாம் பெருசாச்சி. என் மிஷின்லதான்." தாளை நாலாக மடித்தார். "கைய அப்படியே வச்சிக்கினு உக்காந்துட்டேம்மா. வண்டி போயிடுச்சி."

"தெரிஞ்சுமாக்கா எனக்குக் கர்ச்சீப் குடுத்தனுப்புனீங்க?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நின்னுக்கினு போனா உனக்குக் கால் வீங்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சத வச்சிக்கினு தெரியாத மாதிரி இருக்க எனக்கு வரல."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சண்டை எனக்கு வரும். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். மன்னிச்சிடுங்கக்கா என்றேன். தலையை ஆட்டினார். அது சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. டீ கொடுத்தார், குடித்தேன். எஃப் 4 பற்றி ஒரு சந்தேகம் கேட்டார், மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினேன். கோலாரில் ஒரு ஆபீசில் ஆள் எடுக்கிறார்களாம், நாளைக்கு டெஸ்ட்டாம். தாளை பைபிளுக்குள் பத்திரமாக வைத்தார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலுக்கு வந்தார். "அந்தக் கர்ச்சீப்ப எடுத்தாந்தியா?"

இஸ்திரி மடிப்போடு எடுத்துக் கொடுத்தேன்.

"கோலார் பஸ்ல ஜன்னல் வழியா போட்டாதான் சீட்டு கெடைக்கும். எனக்கு இது ஒண்ணுதான் கீது" என்றார். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாம்பியனில் ஏறினேன். அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். துணிக்கடைப் பெண் என்னைப் பார்த்து, போடுவதற்கு ஒன்றும் இல்லையே என்று கையை விரித்தாள். பெங்களூர்வரை நின்றுகொண்டே போனேன். வேறொரு நாளாக இருந்தால் யாரையாவது திட்டியிருப்பேன். அன்றைக்குத் திட்ட ஒருவரும் கிடைக்கவில்லை.